உறுதியின் அளவு

ஆங்கிலத்தில் ஒன்றை ஊகித்து எழுதுகையில் ‘மஸ்ட்’ என்பது ஏறக்குறைய உறுதி. ‘பிராபப்ளி’ என்பது பெரும்பாலும். ‘மே’ என்பது இருக்கலாம். ‘மைட்’ அதனினும் மெலிந்தது. இவ்வேறுபாட்டை வகுப்புத்தோறும் நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு.

1951-இல் அமெரிக்க உளவுத்துறையின் அறிக்கையொன்று, யூகோஸ்லாவியா தாக்கப்படுவது ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்றது. அதன் பொருள் யாதென, ஆக்கியோரையே ஷெர்மன் கென்ட் வினவினார். ஒருவர் கருதியது நூற்றுக்கு 20. மற்றொருவர் கருதியது 80! போரைப் பற்றிய சொல்லிலேயே இத்துணைக் குழப்பம்.

இவ்விடர் நீங்கவே, பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டுக் குழு, ‘லைக்லி’ எனில் குறைந்தது 66 விழுக்காடு, ‘வெரி லைக்லி’ எனில் 90 என வரையறுத்துக்கொண்டது.

ஆகவே, அறிந்த அளவை முதலில் எடைபோடுங்கள். அதற்கேற்ற சொல்லையே இடுங்கள். மிகைப்படுத்தினால் பொய்யாகும், குறைத்தால் கோழைமையாகும்.