வீட்டுப் பூஞ்சணம் அகற்றல்

வீட்டுப் பூஞ்சணம் அகற்றல் என்பது நீர்க்கசிவு, வெள்ளம், தேங்கிய ஈரம் ஆகியவற்றால் வீட்டின் சுவர், கூரை, தரை முதலிய பகுதிகளில் வளர்ந்த பூஞ்சணத்தை நீக்கி, அது மீண்டும் வளராதவாறு ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யும் பணியாகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் போன்ற நாடுகளில் இது பயிற்சி பெற்ற பணியாளர்களால் செய்யப்படும் தனித் தொழிலாக உள்ளது. பணி நடைபெறும்போது வீட்டார் அங்கேயே தங்கலாமா என்பது பூஞ்சணம் பரவியுள்ள பரப்பளவு, அது உள்ள இடம், வீட்டாரின் உடல்நிலை ஆகிய மூன்றையும் பொறுத்ததாகும்.

பணியின்போது ஏற்படும் இடர்

பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்திகள் மூலம் பரவுகிறது. இவ்வித்திகள் ஒவ்வாமை உள்ளோருக்குத் தும்மல், கண் எரிச்சல், தோல் தடிப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம். ஆஸ்துமா உள்ளோருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டலாம். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கவல்லது. எனவே அதனைக் கொல்வது மட்டும் போதாது, நீக்கவும் வேண்டும்.

சுவரில் அசைவின்றி இருக்கும் பூஞ்சணத்தைக் காட்டிலும், சுரண்டப்படும் அல்லது உடைக்கப்படும் பூஞ்சணமே காற்றில் மிகுதியான வித்திகளைக் கலக்கிறது. ஆகவே முறையான தடுப்பின்றிச் செய்யப்படும் பணி, ஓர் அறையில் இருந்த சிக்கலை வீடு முழுவதற்கும் பரப்பிவிடக்கூடும்.

தங்குதலும் வெளியேறுதலும்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டல்படி, 10 சதுர அடிக்குக் (சுமார் 1 சதுர மீட்டர்) குறைவான பூஞ்சணத்தைப் பெரும்பாலும் வீட்டாரே அகற்றலாம். பள்ளிகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அம்முகமை 2001 இல் வெளியிட்ட வழிகாட்டி, 10 முதல் 100 சதுர அடி வரையிலான பரப்புக்குப் பகுதித் தடுப்பையும், 100 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு முழுத் தடுப்பையும் பரிந்துரைக்கிறது.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2000 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சிறிய பணிகளிலும் பணி நடைபெறும் இடத்தில் பிறர் இருத்தல் கூடாது. அடுத்துள்ள அறைகளில் இருப்போர் பொதுவாக வெளியேறத் தேவையில்லை. எனினும் பின்வருவோர் வெளியேறுவது நல்லது:

- 12 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகள்
- அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டோர்
- நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோர்
- ஆஸ்துமா, கடும் ஒவ்வாமை, நாட்பட்ட நுரையீரல் அழற்சி உள்ளோர்

பணிப்பகுதியைக் கடந்துதான் சமையலறை, கழிவறை அல்லது வாயிலுக்குச் செல்ல முடியும் எனில், உடல்நலம் உள்ளோரும் வேறிடத்தில் தங்குவதே ஏற்றது. வீடு முழுவதற்கும் பொதுவான காற்றுக்குழாய்களில் பூஞ்சணம் பரவியுள்ள நிலைக்கும் இது பொருந்தும்.

தடுப்பு ஏற்பாடுகள்

பணிப்பகுதி 6 மில் (சுமார் 0.15 மில்லிமீட்டர்) தடிப்புள்ள பாலித்தீன் தாளால் தரையிலிருந்து கூரை வரை மறைக்கப்படுகிறது. முழுத் தடுப்பில் இரண்டு அடுக்குத் தாள்களும், பணியாளர் உடைமாற்றுவதற்கான இடைக்கூடமும் அமைக்கப்படும். உள்ளிருக்கும் காற்று, 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய விசிறியால் கட்டடத்திற்கு வெளியே செலுத்தப்படும். இதனால் பணிப்பகுதியின் காற்றழுத்தம் குறைந்து, காற்று வீட்டிலிருந்து பணிப்பகுதியை நோக்கியே பாயும்.

இவ்வேற்பாடு செயற்படுகிறதா என்பதை வீட்டாரும் எளிதில் அறியலாம். தாள்கள் பணிப்பகுதியின் உட்புறமாகப் புடைத்திருக்க வேண்டும். அவை படபடத்தாலோ வெளிப்புறமாகப் புடைத்தாலோ தடுப்பு பழுதுபட்டுள்ளது எனப் பொருள். அது சரிசெய்யப்படும் வரை பணி நிறுத்தப்பட வேண்டும்.

எரிவாயு நீர்ச்சூடேற்றி, கணப்பு அடுப்பு ஆகியவை உள்ள வீடுகளில் அழுத்தக் குறைவு வேறோர் இடரையும் தரலாம். புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய கார்பனோராக்சைடு வீட்டினுள் இழுக்கப்படக்கூடும். ஆகையால் பணி தொடங்குமுன் இவை சோதிக்கப்பட வேண்டும்.

வீட்டில் தங்குவோர் கவனிக்க வேண்டியவை

- பணிப்பகுதியிலுள்ள காற்றுக்குழாய்த் திறப்புகள் மூடப்பட வேண்டும். குழாய்களில் பூஞ்சணம் இருப்பின் மையக் குளிரூட்டியையும் சூடேற்றியையும் இயக்கக்கூடாது.
- உடைத்தெடுத்த ஜிப்சம் பலகை, தரைவிரிப்பு முதலியவை மூடிக் கட்டிய பைகளில், இயன்றவரை வசிக்கும் அறைகளைத் தவிர்த்து எடுத்துச் செல்லப்பட வேண்டும்.
- குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் தடுப்புத் தாளை அணுகாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.
- குளோரின் வெளுப்பான்களை அமோனியா கலந்த துப்புரவுப் பொருள்களுடன் கலக்கக்கூடாது. நச்சு வளிமம் உண்டாகும்.
- மூச்சுத்திணறல், இடைவிடாத இருமல் தோன்றினால் உடனே வெளியேறி மருத்துவரை அணுக வேண்டும்.

பணி நிறைவு

கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணமும் பூஞ்சண வாடையும் இல்லாமை, பொருள்கள் உலர்ந்திருத்தல், நீர்க்கசிவு சரிசெய்யப்பட்டிருத்தல் ஆகியவையே பணி முடிந்ததற்கான அடிப்படை அடையாளங்கள். காற்றில் இருக்கக்கூடிய வித்திகளின் அளவுக்கு அமெரிக்க நடுவண் அரசு வரம்பு எதனையும் விதிக்கவில்லை. பூஞ்சணத்தின் மேல் வண்ணம் பூசி மறைப்பது தீர்வாகாது. அவ்வண்ணம் விரைவில் உரிந்துவிடும். நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்துவதும், வீட்டினுள் சார்பு ஈரப்பதத்தை 60 விழுக்காட்டிற்குக் கீழ் வைத்திருப்பதும் பூஞ்சணம் மீண்டும் வளர்வதைத் தடுக்கும்.

சட்டம்

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. நெடுநாள் பூஞ்சணம் படிந்த வீட்டில் வாழ்ந்ததால் ஏற்பட்ட சுவாச நோயே காரணம் என 2022 இல் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். இதனைத் தொடர்ந்து, அக்குழந்தையின் பெயரால் அவாப் சட்டம் என அழைக்கப்படும் விதிகளுக்கு 2023 ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதிச் சட்டம் வழிவகுத்தது. 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்த இவ்விதிகளின்படி, குறித்த காலத்திற்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க இயலாவிடில், வீட்டு உரிமை நிறுவனம் குடியிருப்போருக்குத் தன் செலவில் மாற்று இருப்பிடம் அளிக்க முன்வர வேண்டும்.