சின்னசேலத்தில் ஒரு ஐரிஷ் கல்யாணம்

ஆடி பிறந்தால் சின்னசேலத்துக் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அயர்லாந்தில் அப்படிப் பூட்டிக் கிடந்த காலம் தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாட்களில் கத்தோலிக்கத் திருச்சபை கல்யாணம் நடத்தியதில்லை. அதனால் சாம்பல் புதனுக்கு முதல் நாளான செவ்வாய்க்கிழமைதான் அங்குள்ள கிராமங்களுக்குப் பெரிய முகூர்த்த நாள். அதற்குள் ஜோடி சேராத இளவட்டங்களைச் சும்மா விடமாட்டார்கள். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பூசைக்கு வரும்போது அவர்கள் முதுகில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துக் கேலி செய்வார்கள். ‘ஸ்கெலிக் தீவில் இன்னும் பழைய பஞ்சாங்கம்தான், அங்கே தவக்காலம் தாமதமாகத் தொடங்கும், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று கார்க், கெர்ரி பக்கங்களில் பாட்டுக் கட்டி ஊரெல்லாம் பரப்புவார்கள்.

படிப்புக்கும் வேலைக்கும் டப்ளின் போகும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். அவர்களில் ஒருவர் ஊருக்கு வந்து, ‘நம்ம கல்யாணத்துல ஐரிஷ் முறையும் கொஞ்சம் இருக்கட்டும்பா’ என்று கேட்டால் பெரியவர்கள் பதற வேண்டியதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று மட்டும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது கிளாடா மோதிரம். கால்வே நகரை ஒட்டியிருந்த கிளாடா என்ற மீனவக் குப்பத்தின் பெயர் அதற்கு. இரண்டு கைகள் ஓர் இதயத்தைத் தாங்கியிருக்கும், மேலே ஒரு கிரீடம். கை நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம். மணமானவர்கள் இதயத்தின் முனை தம்மை நோக்கி இருக்கும்படி இடக்கையில் அணிவார்கள். இதைத் தாலிக்குப் பக்கத்தில் வைக்கும் அலங்காரம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் அந்தத் திருமணம் செல்லும். ஆக, மணமக்கள் இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருந்தால், கால்வே மீனவர்களின் மோதிரமே சின்னசேலத்தில் ஒரு திருமணத்தை நிறைவேற்றிவிடும். ஒருவர் வேறு மதத்தவர் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்கலாம். இருவரில் ஒருவராவது மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அறிவிப்பு ஒட்டிய பின் இன்னும் 30 நாள் பொறுக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். விமான டிக்கெட் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கைகளைத் துணியால் கட்டி முடிச்சிடும் சடங்கை இன்று பலர் ஐரிஷ் கல்யாணத்தின் அடையாளமாகச் சொல்கிறார்கள். இன்று நடக்கும் வடிவம் அண்மைக் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. அதன் பின்னே மீத் மாவட்டத்து டெல்டவுனைப் பற்றிய ஒரு நாட்டார் நம்பிக்கை இருக்கிறது. அங்கே ஒரு மரக்கதவின் துளை வழியாக ஆணும் பெண்ணும் கைகோப்பார்களாம். ஓராண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்வார்கள். ஒத்துவராவிட்டால் அதே இடத்துக்கு வந்து, முதுகைக் காட்டி ஒருவர் வடக்கேயும் மற்றவர் தெற்கேயும் நடந்துவிடுவார்கள். கைத்தலம் பற்றுவதும் வேட்டி முனையையும் சேலை முனையையும் முடிந்துகொண்டு வலம் வருவதும் நம்மிடமே இருப்பதால், இதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம்.

விட்டுவிடக் கூடாத ஒன்று வைக்கோல் வேடக்காரர்கள். அயர்லாந்தின் மேற்குப் பகுதிகளில் கல்யாண வீட்டுக்கு ராத்திரியில் அழையா விருந்தாளிகளாக ஒரு கூட்டம் வரும். வைக்கோலால் பின்னிய உடை, முகத்தை மூடிய கூம்பு முகமூடி. யார் எவர் என்று காட்டாமல் பாடி, மணப்பெண்ணோடு ஆடிவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்தால் தம்பதிக்கு நல்லது என்று நம்பினார்கள். நம்முடையது தெருக்கூத்து மண். முதல் நாள் இரவு வரவேற்பில் டி.ஜே. வைக்கும் காசில் ஒரு பகுதியைப் பக்கத்து ஊர்க் கூத்து ஜமாவுக்குக் கொடுத்து, வைக்கோல் வேடத்தில் கட்டியங்காரனை உள்ளே வரச் சொல்லுங்கள். சபை கலகலத்துவிடும்.

மணப்பெண் புகுந்த வீட்டு வாசலுக்கு வரும்போது, மாமியார் ஓட்ஸ் ரொட்டியை அவள் தலைக்கு மேலே உடைத்து வரவேற்கும் பழக்கமும் அங்கே இருந்தது. கல்வராயன் மலையில் சாமை விளைகிறது. ஓட்ஸுக்குப் பதில் சாமை அடை செய்தால் போதும்.

இவையெல்லாம் சுலபம். எனக்கு அக்கறை இதற்கு அடுத்த விஷயத்தில்தான். ‘ஐரிஷ் பாரம்பரியம்’ என்று அழகாகப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுவது அந்த நாட்டின் வரதட்சணைக் கதையை.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். பஞ்சத்துக்குப் பிறகு, நிலத்தைப் பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுக்கும் வழக்கம் நின்றது. ஒரு மகனுக்கு மட்டும் நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், மற்றவர்களுக்கு அமெரிக்கா. கல்யாணம் என்பது நிலப் பேச்சாக இறுகிவிட்டது. 1930-களில் கிளேர் மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர்கள் ஆரன்ஸ்பெர்கும் கிம்பலும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். தரகர் போய்ப் பேசுவார். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் நிலத்தைச் சுற்றி நடந்து பார்ப்பார்: எத்தனை மாடு மேயும், தண்ணீர் உண்டா, சாலை எவ்வளவு தூரம். அதற்கு ஏற்ற தொகை பேரம் பேசி முடிவாகும். வக்கீலிடம் பத்திரம் எழுதுவார்கள். கிழவனுக்கும் கிழவிக்கும் வீட்டின் மேற்கு அறை, உயிரோடு இருக்கும்வரை சாப்பாடு என்பதெல்லாம் அதில் வரும்.

பெண் கொண்டுவந்த பணம் பெண்ணுக்குப் போவதில்லை. அது மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குப் போகும். அதை வைத்து மாப்பிள்ளையின் தங்கையைக் கட்டிக்கொடுப்பார்கள், அல்லது தம்பியைக் கப்பலேற்றுவார்கள். மருமகள் கொண்டுவந்த நகையை அழித்து நாத்தனாருக்குப் போடும் வீடுகளைப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பணம் சேர்க்க முடியாத வீட்டுப் பெண்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் வேலைக்குப் போனார்கள். கல்யாணமே ஆகாமல் கிழவர்களான விவசாயிகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

அந்த வரதட்சணை இன்று அயர்லாந்தில் இல்லை. பெண்கள் ஊரைவிட்டு வெளியேறிச் சம்பாதிக்கத் தொடங்கினார்கள், மணமகளைத் தேடுவது மாப்பிள்ளைகளுக்குக் கஷ்டமானது, நிலம் மட்டுமே சொத்து என்ற நிலை மாறியது. சட்டமும் கூட வந்தது. கணவன் உயில் எழுதி மனைவியை வெறுங்கையோடு விட்டுவிட முடியாதபடி, 1965-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கும் இல்லாவிட்டால் பாதியும் அவளுக்கு உறுதி செய்தது. நம்மிடமும் 1961 முதல் வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கிறது. 1989-இல் தமிழ்நாடு மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. இருந்தும் சவரன் கணக்கு நிற்கவில்லை. சொத்தில் பங்கு வேண்டாம் என்று மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகை போட்டு அனுப்புகிறோம். ஐரிஷ் முறையில் கல்யாணம் செய்யப்போகிறவர்கள், அந்த மக்கள் தூக்கிப்போட்டதையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டும் என்று கேட்கிறேன்.

அதற்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சின்னசேலத்திலிருந்து பார்த்தால் தெரியும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பது பழைய வழக்கம். பெண்ணுக்கு விலையா என்று அதையும் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெண்ணைப் பெற்றவர் கடனாளி ஆகித்தான் தீர வேண்டும் என்பது நம் மண்ணின் மாறாத விதி அல்ல என்பதற்கு அந்த மலை சாட்சி.

டப்ளினிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொரு முறை இருக்கிறது. 1903-இல் ஹன்னா ஷீஹியும் பிரான்சிஸ் ஸ்கெஃபிங்டனும் மணந்தபோது, மனைவி மட்டும் பெயர் மாற்றவில்லை. இருவருமே ஷீஹி ஸ்கெஃபிங்டன் ஆனார்கள். அந்த ஹன்னாவோடு சேர்ந்து 1908-இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர் மார்கரெட் கசின்ஸ். அவர் 1915-இல் கணவர் ஜேம்ஸோடு சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றார். குழந்தை மணத்துக்கு எதிராக இங்குள்ள பெண்கள் குரல் கொடுக்க, 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியபோது, அந்தப் போராட்டத்தில் இந்தச் சங்கத்துக்கும் பங்கு இருந்தது. நம் கல்யாணத்தில் ஓர் ஐரிஷ் பெண்ணின் கை ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே பட்டிருக்கிறது.

இனிச் செலவு. கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்ட அயர்லாந்தின் பழைய சட்ட நூல் ஒன்று ஆண் பெண் சேர்க்கைகளை வகை பிரிக்கும்போது முதலில் வைப்பது, இருவரும் சமமாகப் பொருள் கொண்டுவந்து சேரும் குடும்பத்தை. சம்பந்திகள் முதல்முறை உட்காரும்போதே ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொள்ளலாம்: மண்டப வாடகை, சமையல், கூத்து ஜமா, இரண்டு மோதிரம், பத்திரிகை அச்சு, பதிவுச் செலவு எல்லாம் பாதிக்குப் பாதி. மொய்ப் பணம் மணமக்கள் இருவர் பெயரிலும் சேர்ந்து திறந்த வங்கிக் கணக்குக்கு. சீர்வரிசைத் தட்டுகளுக்கு மேடையில் இடம் ஒதுக்க வேண்டாம்.