சோற்றுக்கு யார் பொறுப்பு?

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்பேசி ஆலை வேலைக்குப் புறப்படுகிறாள் என்றால், வீட்டார் சம்பளத்தை ஒருமுறை கேட்பார்கள். எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள் என்று பத்துமுறை கேட்பார்கள். பன்னாட்டு நிறுவனங்களோ இவ்விரண்டையும் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுகின்றன. மனிதவள நிர்வாகம் தொடங்க வேண்டிய இடமே இதுதான் என்பதற்கு 2021 டிசம்பர் சாட்சி. ஆப்பிளுக்காக ஐபோன் தயாரிக்கும் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கானின் சுங்குவார்சத்திரம் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது; 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி தெரியாமல், சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. போன் அமெரிக்கப் பெயரில், ஆலை தைவான்காரருடையது, ஆளெடுப்பது ஏஜென்சி, விடுதி வேறொருவர் கையில். இத்தனை பேர் இருந்தும் அன்று அந்தப் பெண்கள் நம்பும்படி பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆர்டர் ஏறி இறங்கும் தொழிலில் எல்லாவற்றையும் தானே நடத்த முடியாது என்பார்கள். நியாயந்தான், ஆனால் வேலையைப் பிறரிடம் விடுவது வேறு, பொறுப்பை விடுவது வேறு. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே, ஒப்பந்தக்காரர் கேன்டீன் போன்ற வசதிகளைச் செய்து தராவிட்டால் முதன்மை முதலாளி செய்துகொடுத்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்றது. கெடுபிடி செய்தால் ஆலை வியட்நாமுக்குப் போய்விடும் என்ற அச்சம் இன்னும் கனமானது. மூன்று வாரத்துக்கு மேல் ஆலை ஓடாமல் நின்ற நட்டத்தோடு நல்ல அரிசியின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் கனம் குறையும். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது; அதை ரூ.706.50 கோடியில் கட்டியது அரசு நிறுவனமான சிப்காட். (நிறுவனம் சுமக்க வேண்டியதில் ஒரு பங்கை அரசு சுமந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆனால் கட்டடம் பாதி வேலைதான். ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் ஆலையோடு போடும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே விடுதிச் சோதனை இடம்பெற வேண்டும். நள்ளிரவில் ஒருத்தி மயங்கி விழுந்தால், அவள் எந்த மருத்துவமனையில் எப்படி இருக்கிறாள் என்று மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல அதிகாரமுள்ள ஆள் நிறுவனத்தின் சம்பளத்தில் விடுதியிலேயே இருக்க வேண்டும்.