ஏஜென்டைத் தாண்டி வாங்கலாமா?

ஊருக்கு ஒரே ஸ்டாக்கிஸ்ட் என்றால் சில்லறைக் கடைக்காரர் பாடு எப்படி இருக்கும் என்பதை வணிகப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு சோப்போ சர்க்கரையோ என்றால் பக்கத்து ஊர் மொத்தக் கடைக்காவது ஆள் அனுப்பலாம். வானத்திலிருந்து இறங்கும் டெலிபோன், இன்டர்நெட் இணைப்பே சரக்கு என்றால்?

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட பாக்லாந்து தீவுகளில் இதுதான் பிரச்சினையாக இருந்தது. 1982-ல் அர்ஜென்டினாவும் பிரிட்டனும் போரிட்ட அதே தீவுகள். ஜனத்தொகை நாலாயிரத்துக்கும் குறைவு. வெளியுலகத் தொடர்பு பல்லாண்டுகளாகச் செயற்கைக்கோளை நம்பியே நடந்தது. அதை விற்கும் உரிமையும் ஒரே கம்பெனிக்கு. முன்பு கேபிள் அண்ட் வயர்லெஸ். 2013-ல் வியாபாரம் கைமாறிய பின் ஷ்யூர்.

இந்த ஏஜென்சி முறை புதிதல்ல. 1964-ல் பல நாடுகள் கூடி அமைத்த இன்டெல்சாட் நிறுவனத்தில் நாட்டுக்கு ஒரே பங்காளி. பிரிட்டனுக்கு பி.டி., அமெரிக்காவுக்கு காம்சாட், நமக்கு வி.எஸ்.என்.எல். அமெரிக்காவில் மற்ற டெலிபோன் கம்பெனிகள் இன்டெல்சாட் இணைப்பை காம்சாட் மூலம், அதன் லாபத்தையும் சேர்த்துக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1999-ல்தான் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், நேரடியாக வாங்கலாம் என்று உத்தரவிட்டது. 2001-ல் இன்டெல்சாட்டே தனியார் கம்பெனியாகிவிட்டது. (இங்கே வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல். ஏகபோகம் 2002 மார்ச்சோடு முடிந்தது. ஐ.எஸ்.டி. பூத் நடத்திய உறுப்பினர்களுக்கு அந்நாளையக் கட்டணம் மறந்திருக்காது!)

ஆக, ஆலையின் கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளூர் லைசென்ஸ் அரசாங்கத்தின் கையில் அல்லவா இருக்கிறது? ஸ்டார்லிங்க் வந்ததும் சிறிய தட்டு ஒன்றை மாட்டி, ஏஜென்டைத் தாண்டி இணைப்புப் பெறலாம் என்ற நிலை வந்தது. பாக்லாந்தில் அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டியிருந்தது. கட்டணம் ஆண்டுக்கு 5,400 பவுண்டாக இருந்தது. பெரிய கம்பெனி கட்டும். சின்னக் கடைக்காரரும் ஆட்டுப்பண்ணைக்காரரும் எங்கே போவார்கள்? பொதுமக்கள் மனு கொடுத்தார்கள். 2024-ல் சட்டமன்றக் குழு, கட்டணத்தை 180 பவுண்டாகக் குறைக்கச் சிபாரிசு செய்தது.

ஏஜென்ட் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். நன்றாகப் பில் கட்டும் வாடிக்கையாளர்கள் விலகிவிட்டால், தலைநகர் ஸ்டான்லிக்கு வெளியே, 'கேம்ப்' எனப்படும் நாட்டுப்புறத்தில் தன்னந்தனியாக இருக்கும் கடைசிப் பண்ணை வரை சேவை தரும் செலவை யார் தலையில் வைப்பது? கேள்வி நியாயமானதே. அதற்கு லைசென்ஸ் கட்டணத்தையே பூட்டாகப் போடுவது சரியில்லை என்பது நம் அபிப்பிராயம். கிராமச் சேவைக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து, நேரடியாக வாங்குகிறவர் உட்பட எல்லோரிடமும் பங்கு வசூலிக்கலாம். அந்தத் தொகை பில்லில் தனி வரியாகத் தெரிய வேண்டும். இணைப்பின் விலைக்குள் அதை ஒளித்து வைத்தால், ஏஜென்டின் லாபம் எது, பண்ணைக்காரருக்குப் போகும் பங்கு எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.