காரைக்கால் எரிவளி மின் நிலையம்

காரைக்கால் எரிவளி மின் நிலையம் என்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் அருகே போலகத்தில் அமைந்துள்ள மின் நிலையம் ஆகும். புதுச்சேரி மின் கழகத்துக்குச் சொந்தமான இதன் திறன் 32.5 மெகாவாட். 2000 ஆம் ஆண்டில் மின்னுற்பத்தி தொடங்கியது. காவிரிப் படுகையின் இயற்கை எரிவளி இதன் எரிபொருள் ஆகும்.

செயற்பாடு

எரிவளி எரிந்து முதற் சுழலியைச் சுழற்றும். அதிலிருந்து வெளியேறும் வெப்பத்தால் நீராவி உண்டாக்கப்பட்டு, இரண்டாவது சுழலி இயக்கப்படும். இது கூட்டுச் சுழற்சி முறை எனப்படுகிறது.

எதிர்காலம்

ஒரே அளவு மின்சாரத்துக்கு, எரிவளி நிலக்கரியில் ஏறத்தாழப் பாதியளவு கரியமில வாயுவையே வெளியிடும். எனினும் 2070 க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக 2021 இல் இந்தியா அறிவித்த இலக்குக்கு இதுவும் போதாது. இவ்வகைச் சுழலிகளில் ஐதரசன் கலந்து எரிப்பது ஒரு வழியாகும். ஆனால் ஒரே கனஅளவில் ஐதரசனின் ஆற்றல் குறைவு என்பதால், 30 விழுக்காடு கலந்தாலும் கரியமில வாயு ஏறத்தாழ 11 விழுக்காடே குறையும்.