மின்மாற்றி எண்ணெய்: தெளிவைக் கண்டு ஏமாற வேண்டாம்

மீளக் குடியமரும் ஊர்களில் கைவிடப்பட்ட மின்மாற்றியைக் கண்டால், அதன் எண்ணெய் எதற்காவது உதவுமே என்று நினைப்பது இயல்பு. அதைத் தொடுமுன் சில விடயங்களை நாம் அறிந்திருப்பது நல்லது.

மின்மாற்றியின் செப்புச் சுருள்களுக்கிடையே மின் பாயாமல் தடுப்பதும், சூட்டை வெளியே கடத்துவதும் இவ்வெண்ணெயின் வேலை. வெப்பமும் காற்றும் ஈரமும் சேர, நாளடைவில் எண்ணெயில் அமிலமும் கசடும் உண்டாகின்றன. கசடு சுருள்களில் படிந்தால் சூடு வெளியேறாது, மின்மாற்றி பழுதாகும்.

ஆகவே ஆய்வுகூடத்தில் எண்ணெய் மாதிரியை வேகமாகச் சுழற்றி, அடியில் மண்டியாக இறங்கும் கறள், நார், தூசி என்பவற்றைப் பிரித்து நிறுக்கிறார்கள். பின்பு தெளிந்த எண்ணெயில் பென்டேன் என்னும் திரவத்தைச் சேர்க்க, கரைந்திருந்த கசடும் வெளிப்படுகிறது. தெளிவான எண்ணெயெல்லாம் சுத்தமானதல்ல என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் இச்சோதனையும் பிசிபி என்னும் நஞ்சைக் காட்டாது. பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில் அது கலந்துள்ளது. உடற்கொழுப்பில் தங்கும், தாய்ப்பாலிலும் சேரும், புற்றுநோயை விளைவிக்கும். 2001இல் உருவான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. இலங்கை 2005இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது.

எனவே இவ்வெண்ணெயை மாட்டுப் புண்ணுக்கோ, கறையானுக்காகக் கூரை மரத்திலோ பூச வேண்டாம். விளக்கிலும் எரிக்க வேண்டாம். எரித்தால் அதனிலும் கொடிய நஞ்சு எழலாம். கசிவு கண்டால் பிள்ளைகளையும் கால்நடைகளையும் விலக்கி, கிராம அலுவலருக்கும் மின்சார சபைக்கும் அறிவிப்போம். நாம் திரும்பிச் சென்று பயிரிட வேண்டிய மண்ணும், குடிக்க வேண்டிய கிணறும் அவை.