மானியம் எங்கே முளைக்கிறது?

2011-இல் நைஜீரிய அரசு இளைஞர்களுக்காக ஒரு போட்டி அறிவித்தது. நல்ல தொழில் திட்டத்தோடு வாருங்கள், தேர்வானால் ஒரு கோடி நைரா வரை தருகிறோம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்றது. அன்றைய மதிப்பில் ஒருவருக்குச் சராசரியாக 50,000 டாலர். 'யூவின்' என்ற அந்தத் திட்டத்துக்கு ஏறக்குறைய 24,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களில் 6,000 பேரைப் பொறுக்கி நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அவர்கள் எழுதித் தந்த திட்ட அறிக்கைகளுக்கு நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். முன்னணியில் நின்ற 480 பேருக்கு நேரடியாகப் பரிசு. அடுத்த வரிசையில் 1,841 பேர் நின்றார்கள். மிச்சம் இருந்ததோ 729 இடம். யாருக்குக் கொடுப்பது? குலுக்கல் போட்டார்கள்.

உத்திரமேரூர்க் குடவோலையைப் பள்ளியிலேயே படித்துவிட்ட நமக்குக் குலுக்கல் புதிதில்லை. சிபாரிசுக்கு இடம் வைக்காத முறை அது. நைஜீரியாவில் அதனால் இன்னொரு லாபமும் கிடைத்தது. அரசு கொடுக்கும் பணம் உண்மையிலேயே தொழிலை வளர்க்கிறதா என்ற கேள்வியை அளந்து பார்க்க வழி பிறந்தது.

கேட்க எளிய கேள்விதான். மானியம் வாங்கிய ஒருவர் மூன்று வருடத்தில் ஒரு கடையை இரண்டு கடையாக்கிவிட்டால், அவர் படத்தைப் போட்டு 'வெற்றிக் கதை' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அவர் கெட்டிக்காரர் என்பதால்தானே அவரைத் தேர்ந்தெடுத்தோம்? மானியம் இல்லாவிட்டாலும் அவர் கடனோ உடனோ வாங்கி இரண்டாவது கடையைத் திறந்திருக்க மாட்டாரா? அதே ஆள், அதே ஊர், அதே வருடம், மானியம் மட்டும் இல்லாத ஒரு வாழ்க்கையை நம்மால் பார்க்கவே முடியாது. எல்லா மானியக் கணக்கும் இடறி விழும் இடம் இதுதான்.

வயலில் பிறந்த முறை

இந்தச் சிக்கலுக்கு விடை முதலில் கிடைத்தது வயலில். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் உரச் சோதனைகள் நடந்து வந்தன. ஒரு பாத்திக்கு உரம் போட்டு, பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் விட்டு, விளைச்சலை ஒப்பிடுவார்கள். ஆனால் உரம் போட்ட பாத்தி இயல்பிலேயே வளமான மண்ணாக இருந்தால்? 1919-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் ஒரு வழி சொன்னார். எந்தப் பாத்திக்கு உரம் என்பதை ஆய்வாளர் முடிவு செய்யக் கூடாது, குலுக்கல் முடிவு செய்யட்டும். பாத்திகள் போதுமான எண்ணிக்கையில் இருந்தால் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். அதற்கு மேல் தெரியும் வித்தியாசம் உரத்தால் வந்தது.

மருந்துகளைச் சோதிக்கும் முறையும் இந்த வழியில்தான் வளர்ந்தது. நைஜீரியாவில் பாத்தியின் இடத்தில் மனிதர்கள், உரத்தின் இடத்தில் மானியம். குலுக்கலில் பெயர் விழுந்த 729 பேரையும் விழாத 1,112 பேரையும் உலக வங்கியின் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். புதிதாகத் தொழில் தொடங்க நினைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்று ஆண்டு கழித்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களின் விகிதம் பரிசு பெற்றவர்களிடையே 37 சதவீதப் புள்ளிகள் அதிகம். பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கும் நிறுவனமாக வளர்ந்தவர்களின் விகிதமும் 20 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்திருந்தது. பணம் இயந்திரமாகவும் கூலியாகவும் மாறியிருந்தது.

அதே தரவை வைத்து மெக்கென்சியும் இன்னொருவரும் பிற்பாடு ஒரு கணக்குப் போட்டார்கள். நடுவர்கள் அதிக மதிப்பெண் கொடுத்த திட்டங்கள் பிற்காலத்தில் அதிகம் ஜெயித்தனவா? இல்லை. மதிப்பெண்ணுக்கும் மூன்று ஆண்டு கழித்து வந்த விற்பனை, லாபம், வேலையாட்கள் எண்ணிக்கைக்கும் தொடர்பே தெரியவில்லை. கணினியின் இயந்திரக் கற்றல் முறைகளை ஏவிப் பார்த்தும் பெரிதாக எதுவும் மேம்படவில்லை. நன்றாக எழுதப்பட்ட திட்ட அறிக்கை, எழுதியவருக்கு அறிக்கை எழுத வரும் என்பதை மட்டுமே காட்டியது.

இடியாப்பக் கடைக்குப் பத்தாயிரம் ரூபாய்

நைஜீரியப் பரிசு பெரிய தொகை. சின்னத் தொகை என்ன செய்யும்? சுனாமிக்குப் பிறகு, 2005-இல், இலங்கையின் தென்கரையில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் இது சோதிக்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் மிகச் சிறிய தொழில்களைத் தேடிப் போனார்கள். பெட்டிக்கடை, தையல், சைக்கிள் பழுதுபார்ப்பு, லேஸ் பின்னல், ஆப்பம் இடியாப்பம் செய்து விற்பது என்று எல்லாமே ஓரிருவர் நடத்தும் தொழில்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய். பாதிப்பேருக்குப் பணமாக, மீதிப்பேருக்கு, அவர்கள் விரும்பிய சரக்கையோ கருவியையோ ஆய்வாளர் கூடவே போய் வாங்கிக் கொடுத்தார்.

இப்படிச் சேர்ந்த மூலதனம், மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்து சதவீதம் லாபம் ஈட்டியது. ஆண்டுக்கு 55 முதல் 63 சதவீதம்! எந்த வங்கி வட்டியும் இதற்குப் பக்கத்தில் வராது. அவ்வளவு லாபம் தரக்கூடிய தொழில் முதல் இல்லாமல் முடங்கிக் கிடந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும், ஆண்கள் நடத்திய கடைகளில் அந்த ஒரே ஒரு தடவை கொடுத்த பணத்தின் பலன் தெரிந்தது.

ஆண்கள் நடத்திய கடைகளில் மட்டும். பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி லாப உயர்வு பூஜ்யம். பெண்களுக்கு வியாபாரம் வராது என்று அவசரக்காரர்கள் முடிவு கட்டியிருப்பார்கள். 2019-இல் வெளியான இன்னொரு ஆய்வு, இந்தியா, இலங்கை, கானா மூன்று நாட்டுத் தரவையும் வீட்டுக் கணக்காக விரித்துப் பார்த்தது. வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் ஒன்றே ஒன்று என்றால், அவருக்கும் ஆண்களுக்கு இணையான பலன் கிடைத்திருந்தது. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், மனைவி பெயரில் வந்த பணம் கணவர் தொழிலுக்குப் போயிருந்தது. மானியம் வீணாகவில்லை, பக்கத்து அறையில் முளைத்திருந்தது. அளந்தவர்கள் தவறான அறையில் அளந்திருக்கிறார்கள்.

விவசாயிக்கு எது தடை?

விவசாயத்துக்கு வந்தால் கதையே மாறுகிறது. வட கானாவில் மானாவாரியாக மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிகளிடம், டீன் கார்லான், கிறிஸ்டோபர் உட்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறொரு குலுக்கல் நடத்தினார்கள். சிலருக்குப் பண மானியம், சிலருக்கு மழைக் காப்பீடு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றும் இல்லை. காப்பீட்டின் விதி எளிது. மழை மானியில் பதிவாகும் மழை, குறித்த எல்லையைவிடக் குறைந்தாலோ கூடினாலோ இழப்பீடு வரும். வயலை வந்து பார்க்க ஆள் வேண்டாம்.

கையில் பணம் வந்தவர்தான் அதிகம் செலவழித்துப் பயிர் செய்வார் என்று யாரும் நினைப்போம். நடந்தது வேறு. காப்பீடு பெற்றவர்கள்தான் கூடுதல் நிலத்தில் விதைத்தார்கள், இடுபொருளுக்கும் கூடுதலாகச் செலவழித்தார்கள். அதற்கான பணத்தை அவர்களே எங்கெங்கோ புரட்டிக்கொண்டார்கள். அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது காசுப் பஞ்சத்தைவிட மழை ஏமாற்றிவிடுமோ என்ற பயம். எல்லாவற்றையும் மண்ணில் போட்டு, மழை பொய்த்தால் பிள்ளைகள் எதைச் சாப்பிடும் என்று கணக்குப் போடுபவர், கையில் காசு இருந்தாலும் உரம் வாங்க மாட்டார்.

ஆய்வு எதுவும் இல்லாமலே இதைப் புரிந்துகொண்ட ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். 1903-இல் டெக்சாஸின் பருத்தி வயல்களைக் காய்க் கூன்வண்டு அழித்துக்கொண்டிருந்தது. சீமன் நாப் எழுபதை நெருங்கியவர், வேளாண் துறைக்காகப் பணியாற்றியவர். அரசே நடத்தும் மாதிரிப் பண்ணைகளை விவசாயிகள் நம்புவதில்லை என்பது அவர் அனுபவம். அரசாங்கப் பணத்தில் யார் வேண்டுமானாலும் நன்றாகப் பயிர் செய்யலாமே என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே டெரல் என்ற ஊரில் வேறு ஏற்பாடு செய்தார். வால்டர் போர்ட்டர் என்ற உள்ளூர் விவசாயி தன் சொந்த நிலத்தில் 70 ஏக்கரில் நாப் சொல்லும் முறைப்படி பயிரிட வேண்டும். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட உள்ளூர் வியாபாரிகள் ஒரு நிதி திரட்டி வைத்தார்கள். பருவம் முடிந்தது. பழைய முறையில் வந்திருக்கக்கூடியதைவிடத் தனக்கு 700 டாலர் அதிக லாபம் என்றார் போர்ட்டர். அந்த நிதியைத் தொடவே தேவைப்படவில்லை.

நாப் கொடுத்தது ஒரு ரூபாய் மானியம்கூட இல்லை. பயத்துக்கு ஓர் உத்தரவாதம், கூடவே நின்று சொல்லித் தர ஒரு ஆள், பக்கத்து வயல்காரர்கள் கண்ணால் பார்க்க ஒரு நிலம். இந்த மூன்றையும் வைத்து அமெரிக்கா 1914-இல் வேளாண் விரிவாக்கச் சேவைக்குச் சட்டமே இயற்றியது.

கூட நிற்கும் ஆள்

வழிகாட்டல் என்றால் வகுப்பறை, புரொஜெக்டர், தேநீர், சான்றிதழ் என்று ஆகிவிட்டது. அது எவ்வளவு உதவும்? நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறு வியாபாரம் செய்த பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு வைப்பதும் விற்பனை முறையும் வகுப்பில் கற்பிக்கப்பட்டன. இன்னொரு குழுவில் ஒவ்வொருவருக்கும், அதே பகுதியில் ஜெயித்துக் காட்டிய ஒரு மூத்த வியாபாரப் பெண்மணி துணையாக அமர்த்தப்பட்டார். வகுப்புக்குப் போனவர்களின் லாபம் அசையவில்லை. மூத்தவரோடு பழகியவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் உயர்ந்தது. அந்த அம்மாக்கள் மேலாண்மைக் கோட்பாடு எதையும் சொல்லவில்லை. எந்த மொத்தக் கடையில் சரக்கு மலிவு என்பது போன்ற, ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களைச் சொன்னார்கள். ஆனால் சந்திப்புகள் நின்றபின் லாப உயர்வும் மெல்ல மறைந்தது.

கொஞ்சம் பெரிய தொழிலில் நிலைமை வேறு. மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழுவினர் குலுக்கல் முறையில் சில ஆலைகளுக்குச் சில மாதங்கள் இலவசமாக மேலாண்மை ஆலோசகர்களை அனுப்பினார்கள். உள்ளே போனால், பெயர்ச்சீட்டு இல்லாமல் குவிந்து கிடக்கும் நூல் மூட்டைகள், தரையில் இறைந்து கிடக்கும் கருவிகள். துணியில் விழும் பழுதைத் திருத்தத் தனியாக ஆட்கள் இருந்தார்கள். எந்தத் தறியில் எந்தப் பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்று அலசிப் பார்க்க யாரும் இல்லை. ஆலோசகர்கள் செய்ததெல்லாம் பதிவேடு, நூலுக்கு அடையாளம், தினமும் ஒரு சின்னக் கூட்டம். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது.

அந்தக் குழு கண்டுபிடித்த இன்னொன்று நம்மூர்த் தொழில்நகரங்களிலும் எதிரொலிக்கும். முதலாளி குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்களோ, அதைப் பொறுத்தே நிறுவனத்தின் அளவு இருந்தது. வெளியாளை நம்பி ஆலையை ஒப்படைக்க யாருக்கும் துணிவில்லை. பதிவேடு வந்தபின், எட்ட இருந்தே ஆலையின் நிலவரம் தெரிந்தது. உதவி பெற்றவர்கள் புதிய ஆலைகளையும் திறந்தார்கள்.

ஸ்டார்ட்அப்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. அமெரிக்காவில் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு மானியம் தர 1982-இல் சட்டம் வந்தது. குவால்காம் தன் தொடக்க காலத்தில் அந்தப் பணத்தைப் பெற்ற நிறுவனங்களில் ஒன்று. எரிசக்தித் துறை கொடுத்த இவ்வகை மானியங்களைச் சப்ரினா ஹோவெல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். தரவரிசையில் மயிரிழையில் தேர்வானவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார். 1,50,000 டாலர் அளவிலான முதல்கட்ட மானியம், பிற்பாடு தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது. அரசு முத்திரை விழுந்ததால் அல்ல. அந்தப் பணத்தில் ஒரு மாதிரிப் பொருளைச் செய்து, இது ஓடுகிறது என்று காட்ட முடிந்ததால். அதைவிடப் பல மடங்கு பெரிய இரண்டாம் கட்டத் தொகைக்கு அந்த அளவு வலு இல்லை.

நமக்கு என்ன?

நம்மிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் திட்டச் செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் தருகிறது. 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, மாதிரிப் பொருள் செய்ய 20 லட்சம் ரூபாய் வரை தவணை தவணையாகத் தர முன்வந்தது. 2016 முதல் பயிர்க் காப்பீட்டில் காரீப் உணவுப் பயிருக்கு விவசாயி கட்டும் பிரீமியம் 2 சதவீதம்தான். தமிழ்நாட்டுக்கென்று டான்சீட் என்ற ஸ்டார்ட்அப் விதை நிதி இருக்கிறது. பணம், பாதுகாப்பு, வழிகாட்டல் மூன்றும் தனித்தனி அலுவலகங்களில், தனித்தனிப் படிவங்களில் கிடைக்கின்றன.

விண்ணப்பம் எழுத உட்காருபவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: என்னை நிறுத்தி வைத்திருப்பது எது? முதல் இல்லாமையா, நஷ்ட பயமா, வழி தெரியாமையா? முதல் இல்லை என்றால் மானியம் கேளுங்கள். பயம் என்றால் காப்பீட்டை முதலில் முடியுங்கள். வழி தெரியவில்லை என்றால், உங்கள் தொழிலில் உங்களுக்கு முன்னால் பத்து வருடம் நடந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அவர் பயன்படுவார்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். இடங்களைவிடத் தகுதியானவர்கள் அதிகம் வரும்போது, கடைசி வரிசையில் சமமாக நிற்பவர்களுக்குள் குலுக்கல் போடுங்கள். மூன்று ஆண்டு கழித்து, பெயர் வந்தவர் வராதவர் இருவரையும் போய்ப் பாருங்கள். இதற்குத் தனியாக நிதி ஒதுக்கீடு பெரிதாகத் தேவையில்லை. எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு நம்மிடம் எப்போதும் இருக்கிறது. என்ன விளைந்தது என்ற கணக்கை இனியாவது எழுதத் தொடங்க வேண்டும்.